சென்னை – யாழ்ப்பாணம்: 355 கிலோமீட்டர், 41 வருஷம்

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். கூகுளைத் தொடாம பதில் சொல்லணும். சென்னை ஏர்போர்ட்டிலிருந்து நேர்கோட்டுல பார்த்தா எது பக்கம்? கோயம்புத்தூரா, மதுரையா, யாழ்ப்பாணமா?

ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் கோயம்புத்தூர்னாங்க. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் மதுரைன்னார் :-)

விடை யாழ்ப்பாணம். நம்மதான் பொட்டி தட்டுற ஆளுங்களாச்சே, ஏர்போர்ட்டுகளோட அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்து எக்செல்ல போட்டு கணக்குப் பார்த்தேன். கிட்டத்தட்ட இப்படி வருது:

சென்னை – யாழ்ப்பாணம் (பலாலி): 355 கி.மீ.
சென்னை – கோயம்புத்தூர்: 405 கி.மீ.
சென்னை – மதுரை: 415 கி.மீ.
சென்னை – கொழும்பு (கட்டுநாயக்க): 645 கி.மீ.

திருச்சியிலிருந்து பார்த்தா இன்னும் தமாஷ். திருச்சி – பலாலி வெறும் 180 சொச்சம். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பறக்கிறதை விட நூறு கிலோமீட்டர் கம்மி. மேப்பை எடுத்துப் பாருங்க, சென்னைக்கு அநேகமா நேர் தெற்கே இருக்கு பலாலி.

தூரம் இவ்வளவுதான். இதைப் பறந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? 2024-ல வந்த விமான அட்டவணையில 1 மணி 15 நிமிஷம்னு போட்டிருந்தாங்க. ஓடுறது ஏடிஆர் 72, ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்துமே, அந்த வகை. மணிக்கு சுமார் 500 கி.மீ. போகும். அப்படின்னா 355-க்கு முக்கால் மணி நேரம் கூட ஆகக்கூடாது. மிச்சம் அரை மணி நேரம் ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, சுத்தி வந்து இறங்குறது எல்லாத்துக்கும் சேர்த்து. அட்டவணையில போடுற நேரம் கேட்டை விட்டு கிளம்பினதிலிருந்து அந்தப் பக்கம் போய் நிக்கிற வரைக்குமான கணக்கு. சின்ன தூரத்துக்கு வேகமான விமானம் போட்டாலும் பெருசா மிச்சம் ஆகாததுக்கு இதுதான் காரணம்.

ஃபிஸிக்ஸ் இதோட முடிஞ்சது. ஆனா இந்த ஒண்ணேகால் மணி நேரப் பயணம் நடுவுல பல வருஷம் நாள் கணக்குலயும், சிலருக்கு வாரக் கணக்குலயும் ஆச்சு. நிறைய பேருக்கு முடியவே முடியாம போச்சு. 355 மாறவே இல்லை. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

விமானத்துக்கு முன்னாடி

ரெண்டு ஊருக்கும் நடுவுல போக்குவரத்து விமானம் வந்துதான் தொடங்குச்சுன்னு இல்லை. 1849-ல யாழ்ப்பாணத்துலேர்ந்து ஆறுமுகம்னு ஒருத்தர் அச்சு இயந்திரம் வாங்க சென்னைக்குக் கிளம்பினார். போற வழியில திருவாவடுதுறை ஆதீனத்துல அவர் பேசினதைக் கேட்டு 'நாவலர்'னு பட்டம் கொடுத்தாங்க. ஆறுமுக நாவலர் நாவலர் ஆனதே ஒரு சென்னை ட்ரிப்புலதான். சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் பட்டதாரிகள் ரெண்டு பேரும் (சி.வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை) யாழ்ப்பாணத்துக்காரங்க. கோடியக்கரைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவுல கடல் அம்பத்தஞ்சு கிலோமீட்டர்தான், தோணியில போறவங்களுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

1914-ல பாம்பன் பாலம் திறந்தப்புறம் போட் மெயில் வந்துச்சு. எழும்பூர்ல ரயில் ஏறி, தனுஷ்கோடியில கப்பல் மாறி, தலைமன்னார்ல மறுபடி ரயில் ஏறி கொழும்பு. ஒரே டிக்கெட். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிச்சப்புறம் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போச்சு. இதை ஏற்கனவே நிறைய பேர் கொசுவர்த்தி சுத்தியாச்சு, அதனால நான் விமானத்துக்கு வர்றேன்.

டகோட்டா காலம்

இலங்கையோட முதல் சிவில் ஏர்போர்ட் ரத்மலானை. அங்கே 1935 நவம்பர் 27-ல முதன்முதலா இறங்கின விமானம் ஒரு பஸ் மாத். ஓட்டிட்டுப் போனவர் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்போட பயிற்சியாளர். கணக்குல முதல் எண்ட்ரியே நம்ம ஊர் வண்டி!

பலாலி ரன்வே இரண்டாம் உலகப் போர்ல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிஞ்சதும் அது சும்மா கிடந்துச்சு. 1947-ல ஏர் சிலோன்னு புது நிறுவனம் தொடங்கி மூணு டகோட்டா வாங்கினாங்க. அதுங்களுக்கு சீதா தேவி, விஹாரமகா தேவி, சுனேத்ரா தேவின்னு பேர் வெச்சாங்க. 1947 டிசம்பர் 10-ல முதல் பயணம். எங்கேன்னு நினைக்கிறீங்க? ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை, அங்கிருந்து மெட்ராஸ். (காங்கேசன்துறைன்னு எழுதினாலும் இறங்கினது பக்கத்துல இருக்கிற பலாலிலதான்.)

இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இலங்கை சுதந்திரம் வாங்கினது 1948 பிப்ரவரி 4. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அந்த நாட்டு விமான நிறுவனம் போட்ட முதல் ரூட் யாழ்ப்பாணம் வழியா மெட்ராஸ். அப்போ யாருக்கும் அது ஒரு விசேஷமான அரசியல் முடிவாத் தெரிஞ்சிருக்காது. ரத்மலானையிலிருந்து பலாலி 330 கி.மீ., பலாலியிலிருந்து சென்னை 355. சரியா பாதி வழி. பஸ் ரூட் போடுறவர் கூட அங்கேதான் ஸ்டாப்பிங் வைப்பார்.

டகோட்டா மணிக்கு சுமார் 270 கி.மீ. போகும். 355-ஐ அதால வகுத்து, ஏறி இறங்குற நேரத்தையும் சேர்த்தா ஒன்றரை மணி நேரம் வரும். 2024 அட்டவணையோட ஒப்பிட்டா, எழுபத்தேழு வருஷ விமானத் தொழில்நுட்பம் இந்த ரூட்ல மிச்சப்படுத்திக் கொடுத்தது கால் மணி நேரம்! இத்தனைக்கும் நடுவுல மனுஷன் நிலாவுக்குப் போயிட்டு வந்தாச்சு.

நின்னது எப்போ?

இந்த ரூட் போரால நின்னுச்சுன்னுதான் நம்மள்ல பல பேர் நினைப்போம். பெரிய போர் வெடிச்சது 1983 ஜூலைக்கு அப்புறம். விமானம் அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 1978-லயே நின்னுடுச்சு.

1978 செப்டம்பர் 7. இலங்கையில புது அரசியலமைப்பு அமலுக்கு வந்த நாள். அன்னிக்கு ரத்மலானையில நின்ன ஏர் சிலோன் ஆவ்ரோ விமானம் குண்டு வெடிச்சு எரிஞ்சது. பயணிகள் எல்லாரும் இறங்கிட்டதால உயிர்ச்சேதம் இல்லை. ஏர் சிலோன் ஏற்கனவே தள்ளாடிட்டு இருந்த கம்பெனி, கொஞ்ச நாள்லயே அதை மூடிட்டாங்க. 1979 செப்டம்பர்ல அதோட இடத்துல ஏர் லங்கா வந்துச்சு. பெரிய ஜெட், கட்டுநாயக்க, லண்டன்னு அவங்க கனவே வேற. பலாலி – சென்னை மாதிரி குட்டி ரூட்டுக்கு அதுல இடம் இல்லை.

அதாவது பாதி குண்டு, பாதி கம்பெனி கணக்கு. போர் பண்ணினது வேற. நின்னதை மறுபடி ஆரம்பிக்க விடாம வெச்சது. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பலும் எண்பதுகள்ல நின்னப்புறம், ரெண்டு கரைக்கும் நடுவுல முறையான வழின்னு மிச்சம் இருந்தது கொழும்பு மட்டும்தான்.

நடுவுல பறந்த விமானங்கள்

அப்புறமும் இந்தியாவிலிருந்து யாழ்ப்பாணத்து வானத்துக்கு விமானங்கள் போச்சு. ஆனா டிக்கெட் வாங்கி ஏறக்கூடிய விமானம் இல்லை. 1987 ஜூன் 3-ல நிவாரணப் பொருளோட ராமேஸ்வரத்திலிருந்து போன இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்புச்சு. அடுத்த நாளே, ஜூன் 4-ல, பெங்களூர்லேர்ந்து அஞ்சு ஏஎன்-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்கள் துணைக்கு வர, யாழ்ப்பாணத்து மேல சுமார் 25 டன் பொருளைப் பாராசூட்ல போட்டுட்டு வந்துச்சு. 'ஆபரேஷன் பூமாலை'. கிளம்பி ஒரு மணி நேரத்துக்குள்ள யாழ்ப்பாணத்து மேல இருந்தாங்க. ஜூலை கடைசியில ஒப்பந்தம் கையெழுத்தாச்சு, இந்திய அமைதிப்படை பலாலியில வந்து இறங்குச்சு. 1990 மார்ச் வரைக்கும் அந்த ரன்வேயில இந்திய ராணுவ விமானங்கள் வந்து போயிட்டு இருந்துச்சு. அந்த மூணு வருஷத்து நல்லது கெட்டது தனிப் பதிவா போடவேண்டிய சமாச்சாரம், இங்கே வேணாம்.

எந்த வருசம்?

எங்க ப்ராஜெக்ட்ல டொரான்டோவிலிருந்து ஒரு அண்ணா இருக்கார். யாழ்ப்பாணத்துல பிறந்து வளர்ந்தவர். கால் முடிஞ்சு சும்மா பேசிட்டு இருந்தப்போ, "அண்ணா, யாழ்ப்பாணத்துலேர்ந்து சென்னைக்கு வரணும்னா எப்படி வருவீங்க?"ன்னு கேட்டேன்.

"எந்த வருசம் எண்டு சொல்லும். அதுக்குப் பிறகு வழியைச் சொல்லுறன்" என்றார்.

சிரிச்சுட்டேதான் சொன்னார். ஆனா அது ஜோக் இல்லை. தேடிப் படிச்சுப் பார்த்தப்போ நிஜமாவே வருஷத்துக்கு ஒரு வழி.

1990 ஜூன்ல மறுபடி போர். யாழ்தேவி ரயில் நின்னுச்சு. ஆனையிறவுல ஏ-9 ரோடு அடைபட்டுச்சு. வெளியே வரணும்னா முதல்ல புலிகள்கிட்ட பாஸ் வாங்கணும். அப்புறம் ராத்திரி இருட்டுல கிளாலி கடல்நீரேரியைப் படகுல கடக்கணும். கடற்படை சுடும். தப்பிச்சு அந்தப் பக்கம் இறங்கினா வன்னி வழியா வவுனியா, தாண்டிக்குளத்துல ராணுவ சோதனை, அங்கேர்ந்து கொழும்பு. அப்புறம்தான் விசா, டிக்கெட், சென்னை விமானம். "நாலு நாளிலயும் வரலாம், நாலு கிழமையிலயும் வரலாம்"னார் அண்ணா. (கிழமைன்னா அவங்க பேச்சுல வாரம்.)

1995 கடைசியில ராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடிச்சப்புறம் வழி மாறுச்சு. தரைவழி கிடையாது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், இல்லேன்னா பலாலியிலிருந்து ரத்மலானைக்கு விமானம். ரெண்டுக்கும் அனுமதி வாங்க வரிசையில நிக்கணும்.

அந்த விமானத்துலயும் ஒரு நாள் இடி விழுந்துச்சு. 1998 செப்டம்பர் 29. பலாலியிலிருந்து ரத்மலானைக்குக் கிளம்பின லயன் ஏர் 602, அன்டோனோவ் 24 வகை. மன்னார் பக்கம் கடல் மேல காணாம போச்சு. 55 பேர், அநேகமா எல்லாரும் தமிழர்கள். புலிகள் ஏவுகணையால சுட்டதாத்தான் கருதப்படுது. கடலுக்கடியில சிதைவைக் கண்டுபிடிச்சது 2012-ல. பதினாலு வருஷம். ஒரு மணி நேரப் பயணத்துக்குன்னு வழியனுப்பிட்டு வந்த வீடுகள்ல அந்தப் பதினாலு வருஷம் எப்படிப் போயிருக்கும்னு நினைச்சா மேல டைப் பண்ண முடியலை.

2002 போர் நிறுத்தத்துல ஏ-9 திறந்துச்சு. 2006 ஆகஸ்ட்ல மறுபடி மூடினாங்க. 2009-ல போர் முடிஞ்சப்புறம் திறந்தாங்க. 2014 அக்டோபர்ல யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்துச்சு.

நடுவுல ஒரு கிளைக்கதை. விமான நேரம்னு பேசுறதால சொல்றேன். 1996-ல மின்சாரம் மிச்சம் பண்ண இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுச்சு. அந்த வருஷமே அதுல அரை மணியைக் குறைச்சது. ஆனா புலிகள் கட்டுப்பாட்டுப் பகுதியில இந்த மாத்தத்தை ஏத்துக்கலை. அதனால பத்து வருஷம் கிளிநொச்சியில ஒரு மணி, கொழும்புல ஒரு மணி. கிளிநொச்சி கடிகாரம் சென்னையோட ஒத்துப் போச்சு! 2006 ஏப்ரல்ல கொழும்பு பழையபடி திரும்பினப்புறம்தான் எல்லாம் ஒண்ணாச்சு. டைம் ஜோன் பக் ஃபிக்ஸ் பண்ணி அழுத அனுபவம் உள்ளவங்களுக்கு இது எவ்வளவு பெரிய கொடுமைன்னு புரியும்.

தலைக்கு மேலே போற விமானம்

இந்தக் கணக்கைப் பார்த்தப்போதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

போர் முடிஞ்சு ரோடு ஒழுங்கா ஆனப்புறமும், 2019 வரைக்கும், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருத்தர் சென்னைக்கு விமானத்துல வரணும்னா என்ன பண்ணணும்? முதல்ல பஸ்ஸோ ரயிலோ பிடிச்சு கொழும்புக்குத் தெற்கே 400 கி.மீ. ராத்திரி முழுக்க. அப்புறம் கட்டுநாயக்க போய் மூணு மணி நேரம் காத்திருந்து, வடக்கே 645 கி.மீ. பறந்து சென்னை. மொத்தம் ஆயிரத்துக்கு மேல. 355 கி.மீ. போறதுக்கு!

இப்போ ஒரு மேப்பும் ஸ்கேலும் எடுங்க. கட்டுநாயக்கவையும் மீனம்பாக்கத்தையும் ஒரு நேர்கோட்டால சேருங்க. கோடு எங்கே போகுதுன்னு பாருங்க. அச்சு அசலா யாழ்ப்பாணம் டவுன் மேல போகும். எக்செல்லயும் போட்டுப் பார்த்துட்டேன், ஒரு கிலோமீட்டர் இப்படி அப்படி இருக்கலாம். விமானம் அந்தக் கோட்டுலயேதான் பறக்கும்னு இல்லைதான். ஆனா கணக்குப்படி பார்த்தா, ராத்திரியெல்லாம் பஸ்ல தெற்கே போன மனுஷன், அடுத்த நாள் தன் வீட்டு மொட்டை மாடி மேலயே பறந்து வடக்கே வர்றான்.

தூரம்னா ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற கோடுன்னு நமக்கு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்தாங்க. கோட்டை யார் போடுறாங்கன்னு சொல்லிக் கொடுக்கலை. யாழ்ப்பாணத்துக்கு நாப்பது வருஷமா எல்லாக் கோடும் கொழும்பு வழியாத்தான் போட்டிருந்தாங்க.

மறுபடியும்

2019 அக்டோபர் 17-ல பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாத் திறந்துச்சு. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் விமானம் போய் இறங்குச்சு. நவம்பர் 11-லேர்ந்து பயணிகள் சேவை, வாரத்துக்கு மூணு நாள். 41 வருஷம் கழிச்சுன்னு பேப்பர்லயெல்லாம் போட்டாங்க. தலைப்புல இருக்கிற 41 அதுதான்.

நாலு மாசம்தான் ஓடுச்சு. 2020 மார்ச்ல கொரோனா. கொழும்பு விமானங்கள் சீக்கிரமே திரும்பி வந்துச்சு, யாழ்ப்பாணம் வரலை. இலங்கைப் பொருளாதாரம் படுத்த வருஷமும் சேர்ந்துக்கிச்சு. மறுபடி பறந்தது 2022 டிசம்பர் 12. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலும் ஆரம்பிச்சு, ஒரு வாரத்துல நின்னு, 2024 ஆகஸ்ட்ல மறுபடி ஓடுச்சு. 2024 செப்டம்பர் 1-லேர்ந்து இண்டிகோ சென்னை – யாழ்ப்பாணம் தினசரி சேவையைத் தொடங்குச்சு. நான் முதல்ல சொன்ன 1 மணி 15 நிமிஷம் இதுதான்.

சந்தோஷமான முடிவுன்னு இங்கே சுபம் கார்டு போட்டுடலாம். ஆனா ஒரு விஷயத்தை விட்டுட்டுப் போக மனசு வரலை. அந்த ரன்வேயைச் சுத்தி இருக்கிற மண். 1990-ல பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறைன்னு வலிகாமம் வடக்கு ஊர்களை விட்டு சனங்கள் கையில கிடைச்சதோட ஓடினாங்க. அவங்க வீடும் தோட்டமும் 'உயர் பாதுகாப்பு வலயம்'னு கம்பி வேலிக்குள்ள போச்சு. முகாம்லயே பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆச்சு. போர் முடிஞ்சப்புறமும் நிலத்தைத் தவணை முறையிலதான் விட்டாங்க. நாம ஏறி இறங்கி செல்ஃபி எடுக்கிற ஏர்போர்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கிற சொந்த வீட்டுக்கு நடந்து போக சில பேருக்கு இருபத்தஞ்சு, முப்பது வருஷம் ஆச்சு. அந்தத் தூரத்தை எந்த எக்செல்ல போடுறது?

அண்ணாகிட்ட கடைசியா கேட்டேன், "இப்போ நேரடி விமானம் இருக்கே, போவீங்களா?"ன்னு. "அம்மா இருக்கேக்க வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். அவங்க அம்மாவுக்கு சென்னையில வைத்தியம் பார்க்கணும்னு ஒரு காலத்துல அலைஞ்சிருக்கார். வருஷம் நான் கேக்கலை.

மக்களே, உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது அந்த டகோட்டாவிலயோ ஆவ்ரோவிலயோ சென்னை – யாழ்ப்பாணம் பறந்திருந்தா கேட்டுப் பாருங்க. டிக்கெட் என்ன விலை, சாப்பிட என்ன கொடுத்தாங்க, ஜன்னல்ல கோடியக்கரை தெரிஞ்சுதா, எல்லாத்தையும் கேட்டுப் பின்னூட்டத்துல போடுங்க. அந்த அனுபவம் உள்ளவங்களுக்கு இன்னிக்கு எழுபது, எண்பது வயசு இருக்கும். இப்போ கேட்டாத்தான் உண்டு.

டிஸ்கி: தூரமெல்லாம் ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் நேர்கோட்டுக் கணக்கு, அஞ்சுக்கு ரவுண்ட் பண்ணியிருக்கேன். டகோட்டா நேரம் நானே வகுத்துப் போட்டது. டிக்கெட் போடுறவங்க அன்னிக்கு அட்டவணையைப் பார்த்துட்டு போடுங்க. மேல இருக்கிற கதையைப் படிச்சா ஏன்னு தெரியும் :-)